நூற்றுப் பதினான்காம் பக்கத்து வரி

அந்தப் புத்தகம் இப்போதும் சில கடைகளில் கிடைக்கிறது. வாங்கிப் பார்த்தால் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் கறுப்பு மார்க்கரால் அடிக்கப்பட்டிருக்கும். பின்னால் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு தாளால், மீதமிருந்த பிரதிகளில் பதிப்பாளர் ஆள் வைத்து ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எழுத்து தெரிகிறது என்று அதற்கும் ஒருவர் காணொளி போட்டிருக்கிறார். ஆகவே மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். "அம்மா, தண்ணி என்று கேட்டான், வாய்க்காலில் தண்ணீர் நின்று மூன்று நாள் ஆகியிருந்தது." இவ்வளவுதான். அட்டையில் வேறொருவர் பெயர் இருக்கிறது. வரி என்னுடையது.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தபோதே பிறருக்கு எழுதிக் கொடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. முதலில் தலைமை ஆசிரியருக்கு ஆண்டறிக்கை. அவர் அதை மேடையில் தன் சொந்தச் சரக்கு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் மணிவிழா மலர்கள், அரிசி ஆலைக்காரர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு, ஒன்றியத்துப் பிரமுகர்களுக்கு மேடைப் பேச்சு. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொடுக்கும் நினைவு மலர்கள்தான் எல்லாவற்றையும்விட அதிகம். எங்கள் பக்கம் கொஞ்சம் வசதியான குடும்பம் என்றால், காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தனுப்புவார்கள். இறந்தவரின் படம், பிறந்த ஊர், பெற்ற பிள்ளைகள், செய்த தருமம் எல்லாம் அதில் இருக்கும்.

அந்த மலரில் கட்டாயம் ஒரு பத்தி இருக்க வேண்டும். கடைசியாக அவர் என்ன சொன்னார் என்பது. "அப்பா கடைசியா என்ன சொன்னாங்க?" என்று நான் கேட்பேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வாயில் குழாய் சொருகியிருந்தது, என்னத்தைச் சொல்ல. நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். "எல்லோரும் ஒற்றுமையாக இருங்கள் என்று கைகளைச் சேர்த்து வைத்துவிட்டுக் கண்மூடினார்." படித்துப் பார்த்து அழுவார்கள். அடுத்த முறை கடைத்தெருவில் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகளே, தாங்கள் பக்கத்தில் நின்று காதால் கேட்டதுபோல அதை என்னிடம் சொல்வார்கள். ஒரு சொத்துத் தகராறுகூட அந்த வரியால் நின்றது என்று ஒரு மருமகள் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதில் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

அந்தக் கைப்பழக்கத்தோடுதான் கொலைப் புத்தகத்துக்குப் போனேன்.

கொள்முதல் நிலையக் கொலை என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. சம்பா அறுவடை முடிந்து, நெல் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துக்கொண்டு விவசாயிகள் எடைக்குக் காத்திருக்கும் தை மாதம். ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதிய இளைஞன், வெளியிலிருந்து வந்த வியாபாரியின் நெல்லை உள்ளூர் விவசாயிகள் பெயரில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நடவு வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகன். அவன் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பொழுது சாயும் நேரத்தில் அவனைப் பேச்சுவார்த்தை என்று சொல்லி ஒரு லோடு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை புது ஆற்றுக் கிளை வாய்க்கால் ஒன்றின் சேற்றில் கிடந்தான். வியாபாரி, அவருடைய கூட்டாளி, வேனை ஓட்டியவர் என்று மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை. வியாபாரி உள்ளேயே இறந்துபோனார். கூட்டாளி இன்னும் உள்ளே இருக்கிறார். ஓட்டுநர் நன்னடத்தையில் வெளியே வந்தார்.

வந்தவரைப் பதிப்பாளர் பிடித்துக்கொண்டார். பாடநூல் உரை, பஞ்சாங்கம், கோலப் புத்தகம் போட்டுக் காலம் தள்ளிய மனிதர் அவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "டீச்சர், அவரு பேசுவாரு, நீங்க எழுதணும். உங்க பேரு எங்கயும் வராது" என்றார். என் பெயர் வராது என்பதை ஒரு சலுகையாகச் சொன்னார். நானும் சலுகையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள், அச்சகத்தின் மாடி அறையில் உட்கார்ந்தோம். பதிப்பாளர் தன் போனில் பதிவு செய்வார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். ஓட்டுநர் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விரல் முழுக்க மட்டை நார் கீறிய கோடுகள். எட்டாவது வரை படித்தவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். சொல்லி முடித்ததும் நான் எழுதி முடிக்கும்வரை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவரைப் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை டிபன் பாக்ஸில் அவருக்கும் சேர்த்துப் புளியோதரை கொண்டுபோனேன்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்கு வந்தோம்.

"நான் முன்னாடி ஸ்டியரிங்ல உக்காந்திருந்தேன் டீச்சர். அவங்க ரெண்டு பேரும் அந்தப் புள்ளயக் கரைக்குக் கீழ எறக்கிட்டாங்க. இன்ஜின ஆப் பண்ணாதடான்னாங்க. நான் ஆப் பண்ணல."

"ஏதாவது கத்தினாரா? ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் காதுல விழல டீச்சர்."

"ஒண்ணுமேயா?"

"இன்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சுல்ல."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஒன்றும் காதில் விழவில்லை, இன்ஜின் ஓடியது. எழுதியதற்குக் கீழே எரிச்சலோடு ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடு இப்போதும் இருக்கிறது. எரிச்சல் எதற்கு? அத்தியாயத்துக்கு முடிவு கிடைக்கவில்லையே என்று. கொஞ்சம் நல்ல எழுத்தாளர் யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த இன்ஜினை எழுதியிருப்பார். காதில் எதுவும் விழாமல் இருப்பதற்காக ஓடவிட்ட இன்ஜின் அது. அதைவிடப் பெரிய வாக்குமூலம் அந்த மனிதர் வேறு என்ன தந்திருக்க முடியும்? நான் நினைவு மலர் எழுதிப் பழகியவள். கடைசி வார்த்தையைத் தேடினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தை கடைசி. மேட்டூர் அணையை அடைத்திருப்பார்கள். வாய்க்காலில் வரத்து நின்று, பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கலங்கல் கிடந்திருக்கும். தண்ணீர் வற்றிய இடத்தில் ஒரு பிள்ளை சாகிறான் என்றால் என்ன கேட்பான்? எங்கள் ஊரில் இதற்குப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. சாகிற உயிருக்கு வாயில் ஒரு சொட்டு தண்ணீர் விடுவதற்காக வெளியூரிலிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து ஓடிவருகிற ஊர் இது. கை தானாக எழுதியது. எழுதிவிட்டு உரக்க வாசித்துப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. என் வரிக்கு நானே அழுதேன் என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தியாயத்தை ஓட்டுநருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்தபோது பதிப்பாளர் மேசையில் கையால் தட்டினார். "இதான் டீச்சர். இது போதும்." ஓட்டுநர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தோள் குலுங்கியது. இப்படி நடக்கவில்லையே என்று அவர் சொல்லவில்லை. எழுதலாமா என்று நானும் கேட்கவில்லை. எட்டாவது படித்த ஒருவர், டீச்சர் எழுதிக் கொண்டுவந்ததைத் தப்பு என்று சொல்வாரா? முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற எனக்கு அது தெரியாமல் இல்லை.

பங்குனியில் வெளியீடு என்று அழைப்பிதழ் அடித்தார்கள். அத்தோடு ஆரம்பித்தது. கொலை செய்தவன் புத்தகம் போட்டுச் சம்பாதிப்பதா என்று விவசாயச் சங்கத்துப் பிள்ளைகள் மண்டபத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டார். அச்சகத்து மாடியிலேயே இருபது பேரை வைத்து வெளியிட்டார்கள். தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் எழுத்துச் சுதந்திரம் என்றார், இன்னொருவர் ரத்தத்தை விற்கிறார்கள் என்றார். எட்டாவது படித்தவருக்கு அரைப்புள்ளி வைக்கத் தெரியுமா, யார் எழுதிக் கொடுத்தது என்று ஒருவர் சரியாகப் பிடித்தார். பதிப்பாளர் கொஞ்சமும் அசையாமல், "அவரு சொன்னதுதான். ஒரு எழுத்துகூட நாங்க சேக்கல" என்றார். நான் வீட்டு நாற்காலியில் காபியோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன்.

இறந்தவனின் தங்கையை அன்றுதான் முதன்முதலில் அதே திரையில் பார்த்தேன். ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண். பத்திரிகையாளர்கள் முன்னால் நிதானமாகப் பேசினாள். "கொன்னவங்க பேரு அட்டையில இருக்கு. எங்க அண்ணன் பேரு உள்ள எங்கயோ இருக்கு. இதுதான் எங்களுக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள். புத்தகத்தைத் தடை செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருப்பதாகவும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் பிடித்திருந்த பதாகையில் அவள் அண்ணன் படம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், "அம்மா, தண்ணி".

புத்தகத்தை எதிர்த்தவர்கள் கையிலும் என் வரி. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தோஷமாக இருந்தது.

ஆனி மாதம், புது ஆற்றில் தண்ணீர் வந்திருந்த நாட்களில், அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். காலை ஒன்பது மணி இருக்கும். நான் மெய்ப்புப் பார்த்தவள் என்று அச்சகத்தில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். செருப்பை வாசலுக்கு வெளியே வெகு தள்ளி விட்டுவிட்டு உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். நீங்க திருத்துறப்ப அவரு பேசின ரெக்கார்டிங்கக் கேட்டிருப்பீங்களா?"

"எதுக்கும்மா?"

"எங்க அம்மா அந்தப் புத்தகத்தப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. நான் மாட்டேன்னேன். பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டக் கேட்டு வாங்கிட்டாங்க. அண்ணன் தண்ணி கேட்டான்னு வருதுல்ல, அதுலேருந்து அம்மா பகல்ல தண்ணி குடிக்கிறதில்ல. பொழுது சாயற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது. அவன் போன நேரம் தாண்டுனாதான் குடிப்பாங்க. இப்பக் குறுவ நடவு, காலையிலேருந்து வெயில்ல குனிஞ்சு நிக்கிறாங்க. யூரின் டெஸ்ட் நானே எடுத்துப் பாத்தேன். டாக்டர் இப்படியே போனா கிட்னி தாங்காதுன்னுட்டாரு. கையப் புடிச்சு அழுதாச்சு, திட்டியாச்சு. எம் புள்ளைக்கு அன்னைக்குக் கெடைக்கல, எனக்கு என்னத்துக்குங்கிறாங்க."

நான் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். எதையாவது செய்ய வேண்டியிருந்தது. அவள் வாங்கி மடக் மடக்கென்று குடித்தாள்.

"நெஜமா அவன் கேட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர். கேக்கலன்னா, அது தெரிஞ்சா, அம்மாகிட்டச் சொல்லலாம்ல? அதான்."

ஒரே ஒரு வாக்கியம் போதும். நான்தான் எழுதினேன் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அவள் போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது. பதிப்பாளர் நீதிமன்றத்தில், ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். இதெல்லாம் நான் பிறகு எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நிமிடத்தில் இருந்தது ஒன்றுதான். இந்தப் பெண்ணின் கண் முன்னால் நான் அசிங்கப்படக் கூடாது.

"நான் எழுத்துப் பிழைதாம்மா பார்த்தேன். மத்தது எனக்குத் தெரியாது" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்று எழுந்தாள். வாசலில் திரும்பி, "தொந்தரவு குடுத்துட்டேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையைத்தான் அன்று முழுக்க என்னால் விழுங்க முடியவில்லை.

என் பொய்யை நான் சொல்லாமலே திருத்த ஒரு வழி இருக்கிறது என்று நினைத்தேன். ஓட்டுநர் சொல்லட்டும். அந்தப் பிள்ளை தண்ணீர் கேட்கவில்லை, எனக்கு எதுவும் காதில் விழவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பேச்சே வராது. கெட்டிக்காரத்தனம் எப்போதும் எனக்குக் கொஞ்சம் அதிகம். பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். தோப்பில் உரிமட்டைக் குவியல் நடுவே நின்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா? ஒண்ணும் காதுல விழலன்னு சொன்னீங்க."

"ஆமா டீச்சர். மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்."

"மொதல்லன்னா?"

"நீங்க படிச்சுக் காட்டுனப்பதான் வெளங்குச்சு. கேட்டான் டீச்சர். அம்மா தண்ணின்னு கேட்டான். இன்ஜின் சத்தத்துல எனக்கு அன்னைக்கு வெளங்கல. இப்ப எந்நேரமும் கேக்குது. படுத்தா கேக்குது. மட்ட உரிச்சுக்கிட்டு இருக்கறப்பக் கேக்குது."

"அது நான் எழுதினதுங்க. நானா எழுதினது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க நல்லதுக்குச் சொல்றீங்க டீச்சர். என் பாரம் கொறையட்டும்னு சொல்றீங்க. அவன் கேட்டது கேட்டதுதான்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. அப்பாவின் கடைசி வார்த்தையைக் காதால் கேட்டதாகக் கடைத்தெருவில் எனக்கே சொன்ன பிள்ளைகளின் முகம் அத்தனையும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் இருந்தவர்களில் உயிரோடு வெளியே இருந்த ஒரே சாட்சி அவர். உள்ளே இருக்கும் கூட்டாளி இன்றுவரை நடந்ததை ஒப்புக்கொண்டதே இல்லை. அவர் காதில் விழாமல் போனது என்ன என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த இடத்தில் நான் ஒரு வரியைப் போட்டு அடைத்துவிட்டேன்.

பதிப்பாளரிடமும் போனேன். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். "ஒரு வரி பொய்யின்னா முழுப் புத்தகமும் பொய்யின்னு வக்கீல் சொல்வாரு டீச்சர். நீங்களா நானா, யாரு கோர்ட்டுல நிக்கிறது?" என்றார். ஓட்டுநர் பேசிய ரெக்கார்டிங்கையாவது கொடுங்கள் என்றேன். வக்கீல் சொல்லி எப்போதோ அழித்துவிட்டாராம். அவரைத் திட்டிவிட்டு வந்தேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று தெருமுனை வரும்போது தோன்றியது.

ஆவணி முதல் வாரத்தில் அந்தத் தாய் வயலில் மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்றார்கள். அன்று மத்தியானமே உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் என் பெயரைப் போட்டு, முகவரி போட்டு, புத்தகம் முழுவதும் நான் எழுதியது, நூற்றுப் பதினான்காம் பக்கத்து வரி யாரும் சொல்லாமல் நானாகச் சேர்த்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆறு வரிதான். இத்தனை வருடத்தில் என் பெயரில் நான் எழுதிய முதல் எழுத்து அது. நோட்டையும் பையில் வைத்துக்கொண்டு, அவர் மகளுக்குப் போன் செய்து, நாளை வருகிறேன் என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை.

அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். ஊருக்குள் போகும் வழி வாய்க்கால் கரைமேல்தான். வாய்க்கால் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஒரு மதகடியில் நீல நிறப் பிளாஸ்டிக் குடம் ஒன்று இருந்தது. வாய்க்குத் தட்டு, தட்டின்மேல் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்.

"இங்கதான் டீச்சர். தெனம் காலையில தெருக் குழாய்லேருந்து அம்மா கொண்டாந்து வைக்கிறாங்க. பக்கத்துல இவ்வளவு தண்ணி ஓடுதேம்மான்னா, இது அன்னைக்கு ஓடலயேங்கிறாங்க" என்றாள்.

அங்கேயே நின்று அவளிடம் சொல்லிவிட்டேன். தாளையும் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். மடித்தாள். நான் அடிக்குக்கூடத் தயாராக இருந்தேன். "அன்னைக்கே கேட்டனே டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். மீதி வழி முழுக்க எனக்கு முன்னால் நடந்தாள், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அரசாங்கம் கட்டிக் கொடுத்த சின்ன கான்கிரீட் வீடு. உள்சுவரில் பட்டமளிப்பு அங்கியில் மகன் படம். தாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் சிறியவராகத்தான் இருப்பார். உதடு வெடித்து, கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க டீச்சரம்மா. வெயில்ல வந்திருக்கீங்க" என்று தானே உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே நம் பழக்கம். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர் நாக்கு வறண்டு நின்றுகொண்டிருக்க, நான் குடித்தேன். பாதிச் சொம்பைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. அந்தப் புத்தகத்தை நான்தான் எழுதினேன்."

"அந்த டிரைவரு சொல்லச் சொல்ல எழுதுனீங்களா?"

"ஆமாங்க. ஆனா உங்க மகன் தண்ணி கேட்டதா அவர் சொல்லல. அவருக்கு ஒண்ணும் காதுல விழல. இதோ, அன்னைக்கு எழுதின நோட்டு. தண்ணி கேட்டார்ங்கிறது நானா எழுதினதுங்க."

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "நீங்களான்னா? எதுக்கு?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பேச்சு எழுதிக் கொடுத்தவள் நான். "எழுதினா நல்லா இருக்கும்னுதாங்க" என்றேன். உண்மை அவ்வளவுதான், அதைவிட ஒரு சொல்கூட அதில் இல்லை.

மகள் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியாம்மா? அண்ணன் தவிக்கலம்மா. தண்ணி கேக்கல. அது கதைம்மா. இனிமேயாச்சும் குடிம்மா" என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கும் இருந்தது. வந்த காரியம் முடிந்தது என்றுகூட நினைத்துவிட்டேன்.

வெளியே யாரோ சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தெருக்கோடி போகும்வரை தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அம்மான்னு கூப்புட்டானே, அது?"

நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. தாகத்தை எடுத்துவிடலாம் என்றுதான் வந்தேன். அந்த வரியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது, அதைத்தான் இவர் இத்தனை மாதமும் இடுப்பில் முடிந்துவைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அதுவும் நான் எழுதினதுதாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மகளின் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கட்டில் விளிம்பில் நான் வைத்திருந்த சொம்பை எடுத்து, அண்ணாந்து, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார். பொழுது சாய இன்னும் வெகு நேரம் இருந்தது. அவரை அப்படிக் குடிக்கவைக்கத்தான் நான் அங்கே போயிருந்தேன்.